வாய்க்கால் தெருவிலிருந்து போன் வரவில்லை

மூக்கன் வாந்தியெடுத்து யாரும் பார்த்ததில்லை. கழிவுநீர் லாரித் தொழிலில் இது சாதாரணப் பெருமை இல்லை. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாள் மூடியைத் திறந்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார்கள். மிச்சப் பேர் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவார்கள். இவன் பதினைந்து வருஷமாக இருக்கிறான். குழாயை இறக்கிவிட்டு, பம்பு ஓடுகிற நேரத்தில் குழி விளிம்பிலேயே குத்தவைத்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்பான். பார்க்கிற வீட்டுக்காரர்களுக்குத்தான் குமட்டும்.

மூக்கன் என்பது தொழில் கொடுத்த பெயர். மூடியை நகர்த்தி, குனிந்து, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவான். "அம்மா, பினாயிலை இப்படிக் கவுத்துக் கவுத்து ஊத்தாதீங்க. உள்ள வேலை செய்யற புழுவெல்லாம் செத்துப்போச்சு, அதான் சீக்கிரம் ரொம்புது." இன்னொரு வீட்டில், "வீட்ல யாருக்கோ மாத்திரை ஜாஸ்தி போல, டாக்டரை மாத்திப் பாருங்க" என்பான். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவனுடைய சொந்தப் பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை.

வீட்டுக்கு வந்தால் நேரே பின்பக்கக் குழாயடிக்குத்தான் போவான். இரண்டு பெண் பிள்ளைகளும் அப்பா என்று ஓடிவரும். "தள்ளி நில்லுங்க, நாறும்" என்பான். சோப்பை இரண்டு தடவை தேய்த்து, நகக்கண்ணைத் தென்னங்குச்சியால் நோண்டி, தலையில் மூன்று வாளி கொட்டின பிறகுதான் பிள்ளைகளைத் தூக்குவான். இது நாள் தவறாமல் நடந்தது.

வீடு இரண்டு அறை. முன்னறையில் மூக்கனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும். உள்ளறை முழுக்கத் தங்கச்சிக்கு, அதாவது தங்கச்சியின் படிப்புக்கு. அவளுக்கு ஒன்பது வயசில் அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷம்தான் அவன் லாரியில் ஏறினான். இப்போது அவளுக்கு இருபத்து நான்கு. பன்னாட்டு ஒத்துழைப்பும் வளர்ச்சியும் என்று ஒரு முதுகலைப் படிப்பு, கடைசி ஆறு மாதம்.

படிப்பின் பெயரைக் கேட்ட அன்றைக்கு மூக்கன் பெண்டாட்டி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"வளர்ச்சின்னா யாரோட வளர்ச்சி?"

"ஏழை நாடுங்களோடது, ஏழை ஜனங்களோடது அண்ணி."

"அப்போ நாங்கல்லாம் பரீட்சையில கேள்வியா வருவோமா?"

"வருவீங்க."

"வாத்தியார்கிட்ட சொல்லி மார்க்கு நல்லா போடச் சொல்லு. நாங்க இதுல ரொம்ப வருஷ அனுபவம்."

வீடே சிரித்தது. அந்தப் படிப்புக்கு இடம் கிடைத்ததே மூக்கனால்தான் என்று தங்கச்சி எல்லோரிடமும் சொல்வாள். விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். அண்ணனின் லாரியைப் பற்றி, அவன் கை நாற்றத்தைப் பற்றி, தள்ளி நில்லுங்க என்று அவன் சொல்வதைப் பற்றி எழுதினாளாம். படித்த பெரியவர்கள் கண் கலங்கிவிட்டார்களாம். மூக்கனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கேயோ ஒரு ஓரத்தில் கூச்சமாகவும் இருந்தது, அதை அவன் வெளியே சொல்லவில்லை.

உள்ளறைச் சுவரில் பெரிய அட்டை ஒன்று ஒட்டியிருந்தாள். மரம் வரைந்து, வேரிலெல்லாம் மஞ்சள் தாள், கிளையிலெல்லாம் பச்சைத் தாள். பிரச்சினை மரம் என்று பெயர். வேரில் காரணம், கிளையில் விளைவு. "பூ எங்கம்மா?" என்று கேட்டான் மூக்கன். "பிரச்சினையில பூ எப்படிண்ணா வரும்" என்று சிரித்தாள். பயனாளி, குறியீடு, தாக்கம், பங்கேற்பு என்று அவள் வாயில் வந்த சொற்களை மூக்கன் பெண்டாட்டி சமையல் நடுவே எடுத்து ஆள்வாள். "ஏங்க, பயனாளி! சாப்பிட வாங்க, ஆறிப்போகுது."

கடைசி ஆறு மாத ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது வாய்க்கால் தெருவை. மூக்கன் பெண்டாட்டியின் தங்கை, அவனுடைய கொழுந்தியாள், அங்கேதான் இருந்தாள். வெளிநாட்டு உதவியில் நடக்கிற அமைப்பு ஒன்று, ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அந்தத் தெருவின் இருபத்து நான்கு வீட்டுக்கும் கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தது. நீலக் கதவு, கதவுக்குக் கதவு அமைப்பின் வட்டச் சின்னம். திட்டத்தைப் பார்த்துக்கொண்ட அலுவலர் கழுத்தில் எந்நேரமும் ஒரு அட்டை தொங்கும். தெருவே அவரை அட்டைக்காரர் என்றது. தங்கச்சி அவருக்குக் கீழேதான் களப்பயிற்சி. திட்டம் நன்றாக நடந்தது என்று அவள் ஆய்வறிக்கை வந்தால், அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவார். மேலே இருந்து ஒரு அம்மா வந்து நேரில் பார்ப்பார். பிடித்துப்போனால் தலைமை அலுவலகத்தில் இரண்டு வருஷ வேலை, விமானத்தில் போகவேண்டிய ஊர்.

ஆய்வுக்கு மூக்கன் பெண்டாட்டியின் நோட்டையும் வாங்கிக்கொண்டாள். லாரிக்கு வருகிற போனை எல்லாம் எடுப்பது மூக்கன் பெண்டாட்டிதான். எந்தத் தெரு, எந்த வீடு, என்ன தேதி என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பாள். அந்த வட்டாரத்துக்கே ஒரு லாரிதான். ஆகவே யார் வீட்டுக் குழி எப்போது நிரம்பியது என்பதற்கு அந்த நோட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சோறு, முட்டைக் குழம்பு. தங்கச்சி தட்டுக்குப் பக்கத்தில் தாள்களை வைத்துக்கொண்டு, எழுதினதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இது ரொம்ப முக்கியமான இடம்ணா, கேளு. 'பதினெட்டு மாதங்களில் வாய்க்கால் தெருவிலிருந்து கழிவகற்றும் லாரிக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. மக்கள் கழிப்பறைகளைச் சிறப்பாகப் பராமரிக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.' எல்லாம் அண்ணி நோட்டுலேர்ந்து எடுத்ததுதான். எங்க காலேஜ் மேடம் இதைப் படிச்சிட்டு, இப்படி ஒரு ஆதாரம் யாருக்கும் தோணினதே இல்லைன்னாங்க."

மூக்கன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"ஒரு போன் கூடவா வரல?"

"வரலை. பக்கம் பக்கமாப் பார்த்துட்டேன்."

"ஆமாங்க" என்றாள் பெண்டாட்டி. "நானும் இப்பதான் நெனைச்சுப் பாக்கறேன். என் தங்கச்சி கூடக் கூப்பிடலையே."

"அது எப்படிம்மா வராம இருக்கும்? இருபத்து நாலு வீடு. வீட்டுக்கு அஞ்சு ஆறு பேர். அந்த அளவு குழி எட்டு மாசம் தாங்கும். ரொம்ப சுத்தமா வெச்சிருந்தா ஒம்போது. சுத்தமா இருந்தா மட்டும் போறது போகாம இருக்குமா? தின்னா போய்த்தானே ஆகணும்?"

"சாப்பாட்டு நேரத்துல..." என்றாள் பெண்டாட்டி.

"போன் வந்தாத்தான் நல்ல குழின்னு அர்த்தம். வரலைன்னா உள்ள போனது எங்கேயோ வெளிய போயிட்டிருக்குன்னு அர்த்தம். இதை நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

தங்கச்சியின் முகம் சுருங்கிற்று. உண்மையிலேயே அது அவளுக்குத் தோன்றவில்லை. பதினைந்து வருஷம் கழிவு லாரி சம்பாதித்த சோற்றைத் தின்று வளர்ந்தவளுக்கு, குழி என்றால் நிரம்பும் என்பது தோன்றவில்லை. படிப்பு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது, என்ன செய்ய.

மறுநாள் காலையில் முதல் நடையை முடித்துவிட்டு மூக்கன் லாரியை வாய்க்கால் தெருவுக்கு விட்டான். மழை தூறி ஓய்ந்திருந்தது. கொழுந்தியாள் வீட்டில் இல்லை, சின்னவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வயிற்றுப்போக்கு. அந்த வருஷத்தில் மூன்றாவது தடவை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், அவள் வீட்டிலும் இரண்டு பேர் படுக்கையாம், எதிர் வீட்டில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலையாம். சீசன் சரியில்லை என்றாள்.

மூக்கன் மூடியை நெம்பி, ஆழம் பார்க்கிற கம்பை இறக்கினான். எட்டு அடி போகவேண்டிய கம்பு மூன்று அடியில் டங்கென்று நின்றது. அடியில் சிமென்ட் பலகை. பக்கவாட்டில் ஒரு குழாய், தெருவுக்கு அடியில் ஓடுகிற பழைய மழைநீர் வடிகாலைப் பார்த்துப் போயிற்று. அடுத்த வீடு, அதுவும் மூன்று அடி. அதற்கடுத்த வீடும் அப்படித்தான். இருபத்து நான்கையும் பார்த்தான். ஒரு வீட்டில்கூடக் குழி இல்லை. குழி என்று பெயர் சொல்லி ஒரு தொட்டியைக் கட்டி, மேலே மூடியைப் போட்டு, நீலக் கதவில் சின்னத்தை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவிகள்.

கசிவு பார்ப்பதற்கென்று லாரியில் ஒரு டப்பா சிவப்புச் சாயப்பொடி இருக்கும். கொழுந்தியாள் வீட்டுக் கழிப்பறையில் இரண்டு பிடி போட்டு ஐந்து வாளி தண்ணீர் ஊற்றினான். அந்த வடிகால் போகிற வழியைக் காலால் அளந்துகொண்டே நடந்தான். அது தெருக்கோடிக் கிணற்றுக்கு ஒன்றரை முழம் தள்ளிப் போயிற்று. அந்தக் கிணற்றில்தான் தெரு முழுக்கக் குடித்தது.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் வந்து, தானே வாளியை இறக்கி இழுத்தான். தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது.

தெரு கூடிவிட்டது. யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதைத்தான் ஒன்றரை வருஷமாக வடித்து வடித்துக் குடித்தோமா என்று ஒருவர் தனக்குத்தானே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்திருந்த கொழுந்தியாள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது என் வீட்டுது தானே? நீங்க போட்டது என் வீட்டுல தானே?"

"எல்லார் வீட்டுதும்தாம்மா. உன் வீட்டுல போட்டதால உன்னுது தெரியுது."

"என் புள்ளைக்கு நானே கலக்கிக் குடுத்திருக்கேன்."

"நீ குடுக்கல. கட்டினவன் குடுத்தான். இனிமே இதுல ஒருத்தரும் வாய் வைக்காதீங்க. மெயின் ரோட்டுக் குழாய்க்குப் போங்க. தூரம்தான், போங்க."

போனார்கள். ஆனால் அட்டைக்காரரிடம் போய்ச் சட்டையைப் பிடிக்க ஒருத்தரும் முன்வரவில்லை. இரண்டாம் கட்டத்தில் கூரைத் தகடு வருகிறதாம். வாயைத் திறந்தால் அது போய்விடும் என்று பயம். ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருப்பவர்களிடம் தகட்டைக் காட்டி வாயை அடைத்துவைத்திருந்தார் அந்த மனிதர். மூக்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர்களிடம் என்ன சொல்வது?

அன்றைக்குச் சாயங்காலம் குளிக்கக்கூடப் போகாமல் தங்கச்சியின் அறை வாசலில் போய் நின்றான். கையில் ஒரு பாட்டில், அதில் அந்தக் கிணற்றுத் தண்ணீர்.

"என்னண்ணா இது?"

"உன் ஆதாரம்."

சொல்லி முடித்தான். அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதிர்ச்சி ஆவாள், அழுவாள் என்று நினைத்திருந்தான். அவள் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் நேத்து அவரைக் கேட்டேண்ணா."

"யாரை?"

"அட்டைக்... எங்க சாரை. நீ குழியைப் பத்திச் சொன்னதும் போய்க் கேட்டேன். கான்ட்ராக்டர் கொஞ்சம் குறைச்சுக் கட்டிட்டாராம். அடுத்த கட்டத்துல சரி பண்ணிடலாம், இப்ப இதைக் கெளப்பினா மொத்தத் திட்டமும் நின்னுடும்னார்."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? அறிக்கை வெள்ளிக்கிழமையே போயிடுச்சு. அடுத்த வாரம் வியாழக்கிழமை மேலேர்ந்து அந்தம்மா வர்றாங்க."

"ஆஸ்பத்திரியில கெடக்கறது உன் அண்ணியோட தங்கச்சி புள்ளை."

"எனக்குத் தெரியாதாண்ணா? நீ புரிஞ்சுக்கோ. நான் அங்க போய் உட்கார்ந்தா இந்த மாதிரி ஆயிரம் தெருவுக்கு நல்லது பண்ணலாம். இங்க நின்னு கத்தினா ஒரு தெருவுக்குக்கூட ஒண்ணும் பண்ண முடியாது. எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே அதுதான். பெருசாப் பாக்கணும்."

"பெருசாப் பாக்கறதுக்கு எவ்ளோ தூரம்மா தள்ளிப் போகணும்? புள்ளை வயித்தால போறது தெரியாத தூரமா?"

அடுப்படியிலிருந்து பெண்டாட்டி வந்து நின்றாள். அன்றைக்கு அவளிடம் கேலி இல்லை.

"ஏம்மா, நோட்டு என் நோட்டு. என் கையெழுத்து. அதைக் காட்டித்தான் அந்தத் தெரு நல்லா இருக்குன்னு எழுதியிருக்க. என் தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

தங்கச்சி குனிந்து விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வெளியே எதற்கோ சண்டை போட்டன.

"சரிண்ணா" என்றாள் கடைசியில். "நான் எழுதினதை நானே மாத்திச் சொன்னா என்னை அடிச்சுத் துரத்திடுவாங்க. நீ சொல்லு. வியாழக்கிழமை லாரியோட உன்னை வரச் சொல்லியிருக்கார், பராமரிப்பு நடக்குதுன்னு படம் பிடிக்கறதுக்கு. வா. எல்லார் முன்னாடியும் கம்பை எறக்கிக் காட்டு, மூணடின்னு சொல்லு. நான்தானே மொழிபெயர்க்கறேன். அப்படியே சொல்லிடறேன்."

"வேலை போயிடுமே?"

"போனாப் போகுது."

"நெஜமா?"

"சத்தியமாண்ணா. ஆனா ஒண்ணு. அங்க என்னை உன் தங்கச்சின்னு காட்டிக்காத. ஆய்வுல சொந்தக்காரங்க இருந்தா தள்ளிடுவாங்க."

கடைசியில் நம் பிள்ளை நம் பிள்ளைதான் என்று பெண்டாட்டியைப் பார்த்தான். பின்பக்கம் போய் மூன்று வாளிக்கு நான்காகக் கொட்டிக்கொண்டு குளித்தான்.

வியாழக்கிழமை வெயில் ஏறுமுன்பே வாய்க்கால் தெரு பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. இருபத்து நான்கு நீலக் கதவும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளத்தது. உள்ளே ஊதுவத்தி வேறு ஏற்றிவைத்திருந்தார்கள், கண்றாவி. கிணற்றைச் சுற்றி வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தது. ஒன்பது நாளாக யாரும் தொடாத கிணற்றில் புதுக் கயிறும் புது வாளியும் தொங்கின. பாதுகாப்பான நீர், பாதுகாப்பான வாழ்வு என்று எழுதின பலகை ஒன்று. வியாழக்கிழமை மட்டும் கிணற்றில் இறைக்கிற மாதிரி நில்லுங்கள் என்று இரண்டு பெண்களை அட்டைக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். தெருவே நல்ல துணி உடுத்தி வரிசையில் நின்றது. யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வந்த அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். நரைத்த தலை, தட்டையான செருப்பு. பார்த்தால் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து குழந்தைகளிடம் பேசினார். அதுதான் மூக்கனுக்குத் தைரியம் கொடுத்தது. இந்த அம்மா காதில் விழுந்துவிட்டால் போதும், வேலை நடந்துவிடும் என்று தோன்றியது.

தங்கச்சி கழுத்திலும் ஒரு அட்டை தொங்கிற்று. அவள் அவனைக் கையால் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். சர்வீஸ் என்கிற சொல் மட்டும் அவனுக்குப் புரிந்தது. அண்ணன் என்பதற்கு இங்கிலீஷில் என்னவென்று அவனுக்குத் தெரியும், அது வரவில்லை. வராது என்றுதான் முன்னாலேயே சொல்லியிருந்தாளே என்று தேற்றிக்கொண்டான்.

கொழுந்தியாள் வீட்டு மூடியைத் திறந்தான். குழாயை இறக்கச் சொன்னார் அட்டைக்காரர், இறக்கினான். பம்பைப் போடச் சொன்னார், போட்டான். வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டு லாரி அலறியது. படம் எடுத்தார்கள். பிறகு அந்த அம்மா அவனைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இந்தக் கழிப்பறைகளைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்கன்னு கேக்கறாங்க" என்றாள் தங்கச்சி. அவனை அவள் நீங்க என்றது அதுதான் முதல் தடவை.

மூக்கன் பம்பை நிறுத்தினான். கம்பை எடுத்து எல்லோரும் பார்க்க இறக்கினான். டங்கென்று நின்றது. வெளியே எடுத்து, ஈரம் பட்ட இடத்தில் கட்டை விரலை வைத்துக் காட்டினான்.

"அம்மா, இங்க குழியே இல்ல. மூணடித் தொட்டிதான். இருபத்து நாலு வீட்டுலயும் அப்படித்தான். போறதெல்லாம் வடிகால் வழியா அந்தக் கெணத்துக்குப் போகுது. சாயம் போட்டுப் பார்த்தேன், கெணத்துல வந்துச்சு. புள்ளைங்க ஆஸ்பத்திரியில கெடக்குது. எனக்கு பதினெட்டு மாசமா போன் வராததுக்கு அதான் காரணம். வேற எதுவும் இல்ல."

தங்கச்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பிப் பேசினாள். அவன் பேசியதைவிட நீளமாகப் பேசினாள். நடுவில் அவன் கையிலிருந்த கம்பைக் காட்டினாள், கிணற்றைக் காட்டினாள், குழந்தைகளைக் காட்டினாள். சொல்கிறாள், சொல்லிவிட்டாள் என்று நினைத்தான் மூக்கன்.

அந்த அம்மா இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். அட்டைக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அந்த அம்மா வந்து மூக்கனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

மூக்கனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. குழியில்லை என்றதற்கு எதற்குக் கை தட்டுகிறார்கள்? விளங்கினபோது கையை உருவிக்கொண்டான். தங்கச்சி அவன் பக்கம் பார்க்கவே இல்லை, கையிலிருந்த தாளில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

விளங்கினது அவனுக்கு மட்டுமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொழுந்தியாள் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள், தலைகூட வாரவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனாள். புது வாளியை இறக்கி இழுத்தாள். அட்டைக்காரர் ஏற்பாடு செய்த பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவள் ஒரு டம்ளரில் தண்ணீரை மொண்டாள். சாயம் எப்போதோ கரைந்துபோய்விட்டது. தண்ணீர் தெளிவாக, பார்க்க அழகாக இருந்தது.

அந்த அம்மா தனக்குத்தான் என்று நினைத்துப் புன்னகையோடு கையை நீட்டினார். கொழுந்தியாள் டம்ளரை அவரிடம் கொடுக்கவில்லை. தங்கச்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவங்க வயசானவங்க, அவங்களுக்கு வேணாம். நீ குடிம்மா. இந்தத் தெருவைப் பத்தி எழுதின பொண்ணு நீ. நீ குடிச்சாத்தான் அவங்களுக்கும் நம்பிக்கை வரும்."

இவள் என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா கேட்டார். தங்கச்சி அதை மொழிபெயர்க்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டாள். தெரு முழுக்க அவளைப் பார்த்தது. அதில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாவையும் கூட வந்தவர்களையும் தவிர அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று மூக்கன் தலையை ஆட்டினான். கீழே வெச்சிடும்மா. குடிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, ஏன்னு அவங்க கேப்பாங்க, அதுக்கப்புறம் நான் பார்த்துக்கறேன். இவ்வளவையும் அவன் கண்ணாலேயே சொன்னான். அவளுக்குப் புரியாமல் இல்லை. ஒன்பது வயசிலிருந்து அந்தக் கண்ணைப் பார்த்து வளர்ந்தவள்.

அவள் அட்டைக்காரரைப் பார்த்தாள். அந்த அம்மாவைப் பார்த்தாள். சிரித்தாள். டம்ளரை வாயில் வைத்துக் குடித்தாள். ஒரு வாய் நனைத்துவிட்டு வைத்திருக்கலாம், அவள் அப்படிச் செய்யவில்லை. மடக் மடக்கென்று அடி வரைக்கும் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். சேஃப் என்றது மூக்கன் காதில் விழுந்தது. மறுபடியும் கை தட்டினார்கள்.

பதினைந்து வருஷத்தில் எத்தனை குழி, எத்தனை செத்த எலி, எத்தனை புழு, ஒன்றுக்கும் வராத குமட்டல் மூக்கனுக்கு இப்போது வந்தது. லாரிக்குப் பின்னால் ஓடி, டயரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். காலையில் தின்ற ரொட்டியும் டீயும் வந்தது. அது தீர்ந்ததும் மஞ்சளாக வந்தது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை, வெறும் வாயோடு ஓக்களித்தான்.

"அண்ணா!"

எல்லோர் முன்னாலும் அப்படிக் கத்திக்கொண்டுதான் தங்கச்சி ஓடிவந்தாள். அந்த அம்மா பதறிப்போய் என்னவென்று கேட்டது தெரிந்தது. "பாவம், தொழில் அப்படி, நாத்தம் தாங்கலை" என்று அட்டைக்காரர் இரண்டு பாஷையிலும் விளக்கினார். வந்தவர்கள் இரக்கத்தோடு தலையை ஆட்டினார்கள். தெருவில் ஒருத்தரும் ஆட்டவில்லை.

தங்கச்சி அவன் நெற்றியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். சின்ன வயசில் அவளுக்குக் காய்ச்சல் வந்து வாந்தியெடுத்தபோதெல்லாம் அவன் அப்படித்தான் பிடித்திருக்கிறான்.

"தள்ளி நில்லு."

"என்னண்ணா, நான் பிடிச்சுக்..."

"தள்ளி நில்லுன்னேன். நாறுது."

"லாரிதானேண்ணா, எனக்கு ஒண்ணும்..."

"லாரி இல்ல. லாரி நாத்தம் எனக்குத் தெரியும்." அவன் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "நீ நாறுற."

அவள் நீட்டின கை அப்படியே நின்றது. மூக்கன் குழாயைச் சுருட்டி லாரியில் மாட்டினான், கம்பை எடுத்து அதன் இடத்தில் வைத்தான், மூடியைக் காலால் தள்ளி மூடினான். கிணற்றடியில் எல்லோரையும் நிறுத்திவைத்துக்கொண்டு அட்டைக்காரர் அவளைக் குழுப்படத்துக்குக் கூப்பிட்டார். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.